மூழ்கிய பயிருக்கு மூன்று கதவு: நிவாரணம், காப்பீடு, கடன் தவணை

சம்பா மூழ்கிய மறுநாள் டெல்டாவில் எந்த டீக்கடைக்குப் போனாலும் இந்தப் பேச்சுதான். "ஏக்கருக்கு முப்பதாயிரம் குடுத்தாத்தான் கட்டும்" என்பார் ஒருவர். "இன்சூரன்ஸ்காரன் போன வருஷமே ஏமாத்திட்டான்" என்பார் அடுத்தவர். "கடனைத் தள்ளுபடி பண்ணப் போறாங்களாம்ல" என்பார் மூன்றாமவர். கிளாஸைக் கழுவிக்கொண்டே கடைக்காரர் முடித்துவைப்பார்: "மத்தியக் குழு வந்து பாத்துட்டுப் போயிருக்கு, பணம் வந்துரும்."

இந்த நால்வரும் ஒரே பணத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அவை வேறு வேறு பணம். தருபவர் வேறு, விதி வேறு, வந்து சேரும் காலமும் வேறு. இது புரியாததால், கிடைக்க வேண்டியதை விட்டுவிட்டு, கிடைக்கவே வழியில்லாத ஒன்றுக்காக அலைகிறவர்கள் ஏராளம்.

## கூரை வீடு எரிந்தால்

தெருவில் ஒரு கூரை வீடு எரிந்துவிட்டது. அன்று ராத்திரியே பக்கத்து வீட்டார் அரிசி கொண்டு வருகிறார்கள். ஒருவர் பாய் தருகிறார், இன்னொருவர் பிள்ளைகளுக்குத் துணி எடுத்து வருகிறார். எரிந்த வீடு என்ன விலை பெறும் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த சில நாள் தாக்குப்பிடிக்க ஒரு கை கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். இதுதான் நிவாரணம்.

அதே தெருவில் எல்லோரும் வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு பொது உண்டியலில் போட்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் வீடு எரிந்தாலும், முன்பே எழுதிவைத்த கணக்குப்படி அதிலிருந்து எடுத்துத் தருவார்கள். பணம் போடாதவருக்கு அதில் பங்கு கிடையாது. இது காப்பீடு.

மூன்றாவது, மளிகைக்கடைக்காரர். "பழைய பாக்கியை இப்பக் கேக்கலப்பா, தை மாசம் பாத்துக்கலாம்" என்கிறார். பாக்கியை அழிக்கவில்லை, தள்ளித்தான் வைக்கிறார். இது கடன் தவணை நீட்டிப்பு.

மூன்றும் உதவிதான். ஆனால் பக்கத்து வீட்டாரிடம் போய் வீட்டின் விலையைக் கேட்பதும், உண்டியலில் போடாமலே பங்கு கேட்பதும் எடுபடாது.

## நிவாரணம் இழப்பீடு அல்ல

அரசுக் காகிதங்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு வாசகம் உண்டு. தரப்படுவது நிவாரணமே தவிர, நேர்ந்த இழப்புக்கான ஈடு அல்ல என்பது. பலருக்கு இது கோபத்தைத் தருகிறது, அது நியாயமான கோபமும்கூட. ஆனாலும் மொத்த ஏற்பாடும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

இதற்குப் பழைய வேர் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில், அரசு தந்த உதவி பெரும்பாலும் கூலி வேலை. பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்படித்தான் வெட்டப்பட்டது. நிலமுள்ளவருக்கு, விளையாத வருஷம் நிலவரியை நீக்கும் 'வஜா' கிடைக்கும். பயிர் போனதற்காகக் கையில் காசு தருவது என்ற எண்ணமே பிறகு வந்ததுதான்.

இன்றைய நிவாரணத்துக்கு அடிப்படை 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன்படி ஒவ்வொரு மாநிலத்திலும் 'மாநிலப் பேரிடர் நிவாரண நிதி' இருக்கிறது. எந்த இழப்புக்கு எவ்வளவு தரலாம் என்று ஒன்றிய அரசு ஒரு விலைப்பட்டியல் போல வெளியிடுகிறது. பயிருக்கு அதில் உள்ள தொகையின் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும்: 'இடுபொருள் மானியம்'. விதை, உரம், உழவு போன்ற போட்ட செலவில் ஒரு பகுதியைத் தந்து, மறுபடி விதைக்க வைப்பது அதன் நோக்கம். அறுத்து விற்றிருந்தால் என்ன வந்திருக்கும் என்ற கணக்கு அதில் இல்லை.

2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு வகுத்த பட்டியலில், மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், உறுதியான பாசனமுள்ள பயிருக்கு 17,000, தென்னை, மா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர் வரைதான்.

செய்தியில் '17,000' என்று கேட்டதும் ஏக்கருக்கு என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 2.47 ஏக்கர். அப்படியென்றால் ஏக்கருக்கு 6,880 ரூபாய் சொச்சம். மூணு மா ஒரு ஏக்கர் என்று கணக்குப் போடும் தஞ்சாவூர்க்காரருக்கு, மாவுக்கு 2,300-க்குக் கொஞ்சம் குறைவு. டீக்கடையில் பேசிய முப்பதாயிரத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

இதற்கு மேல் மாநில அரசு தன் சொந்தப் பணத்திலிருந்து சேர்த்துத் தரலாம். 2021 ஜனவரியில் பருவம் தப்பிய மழைக்குப் பின், அப்போதைய பட்டியலில் 13,500-ஆக இருந்த பாசனப் பயிர் தொகையைத் தமிழ்நாடு அரசு 20,000 ஆக்கியது, 2 ஹெக்டேர் வரம்பையும் அந்த முறை தளர்த்தியது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, விழுந்த மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500 என்று மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் அறிவித்தார்கள். இவையெல்லாம் அந்தந்த நேரத்து அரசு முடிவு. போன தடவை தந்தார்கள் என்பதற்காக இந்தத் தடவையும் அதே தொகை வந்தாக வேண்டும் என்று இல்லை.

### 33 சதவீதம் என்ற வாசற்படி

பயிர் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமாகியிருந்தால்தான் இடுபொருள் மானியம். 2015 வரை இது 50 சதவீதமாக இருந்தது, பிறகு குறைத்தார்கள்.

இதை வாசற்படி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 30 சதவீதம் போனவருக்கு ஒன்றும் இல்லை. 35 சதவீதம் போனவருக்கும் முழுதாக அழுகிப்போனவருக்கும் ஒரே தொகை. 'எனக்கு மொத்தமும் போச்சு, அவனுக்குப் பாதிதான் போச்சு, ரெண்டு பேருக்கும் ஒரே பணமா?' என்ற சண்டை ஒவ்வொரு கிராமத்திலும் நடக்கிறது. கணக்கெடுத்தவர் தப்புச் செய்ததால் வந்ததில்லை, விதியே அப்படி.

கணக்கெடுப்பை வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து செய்கின்றன. வி.ஏ.ஓ.வும் உதவி வேளாண்மை அலுவலரும் வயலைப் பார்த்துப் பட்டியல் எழுதுவார்கள். அது தாசில்தார், கலெக்டர் வழியாக மேலே போய், அரசாணை வந்து, பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். தண்ணீர் வடிவதற்குள் கணக்கெடுத்தால் தப்பிவிடும் என்று தோன்றுகிற பயிர் அடுத்த வாரம் அழுகும். வடிந்து ரொம்ப நாள் கழித்து வந்தால் சிலர் உழுதே போட்டிருப்பார்கள். இந்தச் சிக்கலுக்கு இன்னும் நல்ல வழி பிறக்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நிவாரணத்துக்கு முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். தொகை சிறியது, பட்டியல்படி வருவது. 33 சதவீதம் தாண்டினால் உண்டு, தாண்டாவிட்டால் இல்லை.

## மத்தியக் குழு எதற்கு வருகிறது?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் போடும் பணத்தில் 75 சதவீதம் ஒன்றிய அரசுடையது, 25 சதவீதம் மாநிலத்துடையது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. புயல் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் தவணையாக வரும் பணம் இது. 2023-24-இல் தமிழ்நாட்டுக்கான ஒன்றியப் பங்கு 900 கோடி ரூபாய்.

பேரிடர் மிகக் கடுமையாகி இந்த நிதி போதாமல் போனால், 'தேசியப் பேரிடர் நிவாரண நிதி'யிலிருந்து கூடுதலாகக் கேட்கலாம். மாநிலம் மனு தர வேண்டும். அதைச் சரிபார்க்க வருவதுதான் மத்தியக் குழு. குழுவின் அறிக்கை மீது உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு முடிவெடுக்கும். ஆக, ஜீப்பில் வந்திறங்கி வயலைப் பார்ப்பவர்கள் உங்கள் பெயரை எழுதிக்கொள்வதில்லை. உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடம் வி.ஏ.ஓ.வின் பட்டியல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், அதையடுத்துத் தென்மாவட்டப் பெருமழையும் வந்தபோது மாநிலம் கேட்டது சுமார் 37,900 கோடி. தேசிய நிதியிலிருந்து வந்தது சுமார் 276 கோடி. இடைவெளியைப் பார்த்தால் தலை சுற்றும். அரசியல் வாதத்தை அரசியல்வாதிகளுக்கே விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: மாநிலத்தின் மனுவில் சாலை, மின்கம்பம் எல்லாவற்றையும் நிரந்தரமாகச் சீரமைக்கும் செலவும் இருக்கும். நிதியின் விதிமுறையோ உடனடி நிவாரணத்தை மட்டும் பார்க்கும்.

'தேசியப் பேரிடராக அறிவி' என்ற கோரிக்கை ஒவ்வொரு முறையும் எழும். இந்த விதிமுறைகளில் அப்படி அறிவிக்கும் ஏற்பாடே கிடையாது. 'தீவிரத் தன்மை கொண்ட பேரிடர்' என்று வகைப்படுத்தலாம், அவ்வளவே.

## காப்பீடு: ஊரே எழுதும் பரீட்சை

'பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம்' 2016 காரிஃப் (ஜூன் வாக்கில் தொடங்கும் மழைக்காலச் சாகுபடி) பருவத்தில் தொடங்கியது. விவசாயி கட்டும் பிரீமியம், காப்பீட்டுத் தொகையில் காரிஃப் உணவு, எண்ணெய்வித்துப் பயிர்களுக்கு 2 சதவீதம், ராபிக்கு (அதற்கடுத்த குளிர்காலச் சாகுபடி) 1.5, வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5. மீதியை ஒன்றிய, மாநில அரசுகள் கட்டுகின்றன. காப்பீட்டுத் தொகை என்பது முழுதாகப் போனால் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை. கணக்குக்காக ஏக்கருக்கு 36,000 என்று வைத்தால், 1.5 சதவீதம் பிரீமியம் 540 ரூபாய்.

பயிர்க்கடன் வாங்கினால் காப்பீடு கட்டாயம் என்ற நிலை 2020 காரிஃபோடு போய்விட்டது. இப்போது விருப்பம்தான். ஆனால் கடன் வாங்கியவர் வேண்டாம் என்றால், கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிடித்தம் செய்வார்கள்.

இனி, ஏமாந்துவிட்டதாகப் பெரும்பாலானோர் நினைக்கும் இடத்துக்கு வருவோம். பைக்குக்கு எடுக்கும் இன்சூரன்ஸில், மோதியது உங்கள் பைக் என்றால் உங்கள் பைக்கைத்தான் பார்ப்பார்கள். பயிர்க் காப்பீட்டில் பொதுவாக உங்கள் வயலைத் தனியே பார்ப்பதில்லை. ஊராட்சி அல்லது வருவாய் கிராமம் போன்ற ஒரு பரப்பை 'காப்பீட்டு அலகு' என்று வைத்து, அந்த அலகின் சராசரி விளைச்சலைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் மதிப்பெண்ணை விட்டுவிட்டு வகுப்புச் சராசரியைப் பார்த்துத் தேர்ச்சி சொல்வது மாதிரி.

தேர்ச்சி மதிப்பெண்ணுக்குப் பெயர் 'உத்தரவாத மகசூல்'. கடந்த ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்தின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதம் என்று வைப்பார்கள். அந்தப் பயிருக்கும் பகுதிக்கும் எந்த அளவு என்பது முன்பே அறிவிக்கப்பட்டிருக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். சராசரி ஏக்கருக்கு 2,500 கிலோ, அளவு 80 சதவீதம். உத்தரவாத மகசூல் 2,000 கிலோ. இந்த ஆண்டு ஊர்ச் சராசரி 1,500 கிலோ. குறைந்தது 500, அதாவது 2,000-இல் கால்வாசி. எனவே காப்பீட்டுத் தொகை 36,000-இல் கால்வாசி, 9,000 ரூபாய்.

இந்த 9,000 ஊரில் காப்பீடு செய்த எல்லோருக்கும் ஒன்றுதான். தாழ்வான வயல்காரருக்கு ஒரு கருக்காய்கூடத் தேறாமல் போயிருக்கலாம், மேட்டு வயல்காரர் 2,200 கிலோ அறுத்திருக்கலாம். இருவருக்கும் ஏக்கருக்கு 9,000. ஊர்ச் சராசரி 2,050 என்று வந்திருந்தால் இருவருக்கும் பூஜ்யம். 'கட்டின பணம் போச்சு, ஒரு பைசா வரல' என்ற புலம்பலில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. இன்னொரு வலியும் உண்டு: அடுத்தடுத்துப் பல ஆண்டு கெட்டால் சராசரியே இறங்கும், அதனால் உத்தரவாத மகசூலும் இறங்கும். அடிக்கடி அடிவாங்கும் ஊருக்கு உண்டியல் மெல்லச் சிறுத்துப்போகிறது.

### ஐந்துக்கு ஐந்து மீட்டர்

ஊர்ச் சராசரியை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? 'பயிர் அறுவடைப் பரிசோதனை' மூலம். எந்தச் சர்வே எண், அந்த வயலில் எந்த இடம் என்பதை மனம்போல எடுக்காமல், குலுக்கல் முறையில் எண்களை வைத்து முடிவு செய்வார்கள். அங்கே நெல்லுக்கு ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம் அளந்து, மூலைக்கு ஒன்றாக நாலு முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டுவார்கள். கயிற்றுக்குள் நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். ஈரத்துக்குக் கழிவும் உண்டு.

25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்கு. எடை 10 கிலோ என்றால் ஹெக்டேருக்கு 4,000 கிலோ. தராசில் ஒரு கிலோ முன்பின் ஆனால் ஹெக்டேருக்கு 400 கிலோ முன்பின் ஆகிறது. ஊராட்சிக்கு இப்படிக் குறைந்தது நாலு இடம். உங்கள் ஊரில் கயிறு கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், மழைநிவாரண மனுவுக்கு வரிசையில் நிற்பதைவிட அங்கே போய் நிற்பது மேல். பலர் அதைத் தெரிந்துகொள்வதே இல்லை.

மறுபடி ஒரு சுருக்கம்: காப்பீடு பிரீமியம் கட்டியவருக்கு மட்டும். ஊர்ச் சராசரி, உத்தரவாத மகசூலுக்குக் கீழே இறங்கினால்தான் பணம். அறுவடைப் பரிசோதனை முடிந்து கணக்கு வந்த பிறகுதான் வரும், அதனால் தாமதம் இயல்பு. இடுபொருள் மானியம் வாங்கியவருக்குக் காப்பீடு கிடையாது என்று சிலர் சொல்வது தவறு. இரண்டும் தனித்தனி.

## உங்கள் வயலை மட்டும் பார்க்கும் நேரங்கள்

ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, இடிவிழுந்து தீப்பிடிப்பது போன்றவை ஒரு வயலை அழித்துப் பக்கத்து வயலை விட்டுவிடலாம். இவற்றுக்குத் தனி வயல் ஆய்வு உண்டு. 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியிருக்க வேண்டும். 14447 என்ற உதவி எண், காப்பீட்டுச் செயலி, வங்கி, வேளாண்மை அலுவலகம், எதன் வழியாகவும் சொல்லலாம்.

வயல் மூழ்குவதும் இந்த வகையில் இருந்தது. 2018-இல் நெல்லுக்கு அதை எடுத்துவிட்டார்கள். நெல் தண்ணீரில் நிற்கும் பயிர்தானே என்பது வாதம். கழுத்துவரை தண்ணீரில் ஒரு வாரம் நின்ற கதிரைப் பார்த்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். 2026 காரிஃப் முதல் நெல் மூழ்குவதை மீண்டும் சேர்ப்பதாகவும், காட்டு விலங்குகளால் ஆகும் சேதத்தையும் சேர்ப்பதாகவும் 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது.

அறுவடைக்குப் பிந்தைய இழப்புக்கும் இடம் உண்டு. அறுத்து வயலிலேயே காயப் போட்டிருக்கும் பயிருக்கு 14 நாள் வரை, புயல், பருவம் தப்பிய மழை, ஆலங்கட்டி ஆகியவற்றுக்கு. இதில்தான் எங்கள் பெரியப்பா சறுக்கினார். மெஷின் விட்டு அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் குவித்து, முறைக்காகக் காத்திருந்தார். தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் புகுந்து அடிநெல் முளைத்துவிட்டது. "14 நாள்னு சொன்னாங்களே" என்று காப்பீட்டு ரசீதோடு கிளம்பினார். வயலில் காயும் கதிர்க்குத்தான் அது, குவித்த நெல்லுக்கு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த நெல்லுக்கு ஒரே வழி ஈரப்பதத் தளர்வு. வழக்கமான 17 சதவீத வரம்பை அரசு கொஞ்சம் உயர்த்தினால் எடுத்துக்கொள்வார்கள். அது கொள்முதல் விஷயம், காப்பீட்டோடு சம்பந்தமே இல்லை.

## கடன்: தள்ளிவைப்பதும் தள்ளுபடியும்

ரிசர்வ் வங்கி 2018-இல் தொகுத்து வெளியிட்ட வழிகாட்டுதலில், பேரிடர் பாதித்ததாக அறிவிக்கப்பட்ட பகுதியில் பயிர் இழப்பு 33 முதல் 50 சதவீதம் என்றால் குறுகியகாலப் பயிர்க்கடனைத் திருப்பிக் கட்ட 2 ஆண்டு வரையும், அதற்கு மேல் இழப்பு என்றால் 5 ஆண்டு வரையும் நீட்டிக்க வழி இருந்தது. வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் வாராக்கடன் என்று முத்திரை விழாது, புதுக்கடனுக்கும் கதவு மூடாது.

தள்ளுபடி வேறு விஷயம். 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. அது அரசின் தனி முடிவு. வெள்ளம் வந்தால் தள்ளுபடி வரும் என்று எந்த விதியும் இல்லை. வரும் என்று நம்பித் தவணை நீட்டிப்புக்கு எழுதிக் கொடுக்காமல் விட்டவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

## வயல் இல்லாத வீடுகள்

கிராமத்துக்கு வரும் நிவாரணம் பயிரோடு முடிவதில்லை. அதே 2022-26 விலைப்பட்டியலில் கறவை மாடு செத்தால் 37,500 ரூபாய், ஆடு செத்தால் 4,000. ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை மூன்று அல்லது சிறியது முப்பது என்ற வரம்பு உண்டு. கோழிக்கு 100 ரூபாய். குடிசை போனால் 8,000. செத்த மாட்டைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தருவதற்குள் புதைத்துவிட்டால், அப்புறம் மாடு இருந்ததை நிரூபிப்பதே பெரும்பாடு. குறைந்தபட்சம் போட்டோவாவது வேண்டும்.

குத்தகைக்காரர் நிலைதான் மோசம். காப்பீட்டுத் திட்டம் குத்தகைக்காரரையும், விளைச்சலைப் பங்கு பிரித்துக்கொள்ளும் வாரக்காரரையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் பெரும்பாலான குத்தகை வாய்ப்பேச்சில் நிற்கிறது. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே பட்டியல் எழுதினால், விதைத்தவர் கைக்குப் பணம் வராது. இதில் உதவுவது அடங்கல். எந்தச் சர்வே எண்ணில், எந்தப் பசலியில், என்ன பயிர், யார் சாகுபடி என்று வி.ஏ.ஓ. எழுதும் பதிவேடு அது. பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, ஜூலை 1-இல் பிறக்கிறது. நிலச்சொந்தக்காரரை வைத்துக்கொண்டு, நடப்புப் பசலி அடங்கலில் சாகுபடி செய்பவர் இடத்தில் தன் பெயரை ஏற்றிக்கொள்வதற்கு நல்ல நேரம் நாற்று நட்ட வாரம். தண்ணீர் வந்த பிறகு கேட்டால் பட்டாதாரரும் யோசிப்பார், வி.ஏ.ஓ.வும் யோசிப்பார்.